ஐந்து டசன் சோளப்பொத்தி: பிறீசரா, போத்தலா, வத்தலா?

ஓகஸ்ட் பிறந்துவிட்டால் ரொறொன்ரோவை விட்டு எந்தப் பக்கம் காரை விட்டாலும் தெருவோரத்தில் ஒரு மேசை, அதன் மேல் குவியலாகச் சோளப்பொத்தி, பக்கத்தில் கையால் எழுதின ஒரு பலகை. டசன் கணக்கில்தான் விற்பார்கள், சில இடங்களில் டசன் என்றால் பதின்மூன்று. மஞ்சளும் வெள்ளையும் கலந்த மணி, பச்சையாகவே கடித்துத் தின்னலாம், அவ்வளவு இனிப்பு. இது ஏழெட்டுக் கிழமைக்குத்தான். ஒக்டோபரில் ஒருநாள் அதே தெருவால் போனால் மேசையும் இல்லை, பலகையும் இல்லை. அதற்குப் பிறகு கடையில் கிடைப்பது தட்டில் அடுக்கிப் பிளாஸ்டிக் சுற்றி, புளோரிடாவிலிருந்து லொறியில் வந்து களைத்துப்போன பொத்திதான்.

எங்கள் வீட்டில் எட்டு வருடமாக ஒவ்வொரு கோடையிலும் சோளம் சேமிக்கிற வேலை நடக்கிறது. பிறீசரில் போட்டோம், போத்தலில் அடைத்தோம், காயவைத்தோம், ஒரு வருடம் ஊறுகாய் மாதிரி ஒன்றும் செய்து பார்த்தோம். எது நல்லது என்று கேட்கிற சொந்தக்காரருக்கு நான் ஒரே மூச்சில் சொல்வது, மணியாக உதிர்த்துப் பிறீசரில் போடுங்கள் என்பதைத்தான். ஆனால் எல்லா வீட்டுக்கும் அது சரிவராது. அதைவிட, அந்தப் பதிலுக்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வி வேறு: அந்தச் சோளம் எப்போது முறித்தது?

இதை நான் பட்டுத்தான் படித்தேன். முதல் வருடம் வெள்ளிக்கிழமை பின்னேரம் ஐந்து டசன் வாங்கிக் காரின் பின்பெட்டியில் போட்டேன். சனிக்கிழமை ஒரு பிறந்தநாள் விழா. ஞாயிறு மத்தியானம்தான் கத்தியைக் கையில் எடுத்தோம். நாள் முழுக்க அவித்து, உதிர்த்து, பை பையாக அடைத்து, கார்த்திகையில் முதல் பையை எடுத்துப் பால்கறி வைத்தால் வாயில் மா மாதிரி ஒட்டுகிறது, இனிப்பே இல்லை. மாமி ஒரு கரண்டி சாப்பிட்டுவிட்டு, "பிள்ளை, இது மாட்டுக்குப் போடுற சோளமோ?" என்று கேட்டார். பிறீசரில் பிழையில்லை, அந்த இரண்டு நாள்தான் பிழை. இனிப்புச் சோளம் முறித்த நிமிடத்திலிருந்து தன் சீனியை மாவாக மாற்றிக்கொண்டே இருக்கும். பழைய சாதாரண இனிப்பு வகை என்றால், 30 பாகை சூட்டில் ஒரே நாளில் சீனியில் 60 வீதம் வரை போய்விடும். அதையே 0 பாகையில் வைத்தால் போவது 6 வீதம்தான். மூடின காரின் பின்பெட்டி ஓகஸ்ட் மாதத்தில் 30 பாகையோடு நிற்பதில்லை என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

எல்லா வகையும் ஒரே வேகத்தில் மாறுவதில்லை. 1950களில் இல்லினோய் பல்கலைக்கழகத்தில் ஜோன் லோக்னன் என்ற மரபியல் பேராசிரியர், காய்ந்ததும் சுருங்கிப்போகும் ஒருவகைச் சோளமணியின் இனிப்பைக் கவனித்து, அதை வைத்து ஒரு புது வகையை உருவாக்கினார். இப்போது சுப்பர் ஸ்வீட் என்று விற்கிறவை அந்த வழியில் வந்தவை. அவற்றில் சீனியும் கூட, அது மாவாக மாறுவதும் மிக மெதுவு, குளிரில் வைத்தால் பல நாள் தாங்கும். நடுவில் இன்னொரு வகை உண்டு, தோல் மெல்லியது, நல்ல இனிப்பு, ஆனால் பழைய வகையைப் போல் இதுவும் காத்திருக்காது. கடைக்காரரிடம் வகையின் பெயரைக் கேட்டால் பெரும்பாலும் ஏதோ ஒரு அழகான விற்பனைப் பெயரைச் சொல்வார், அதை வைத்து ஒன்றும் பிடிபடாது. "இது இன்று காலையில் முறித்ததா?" என்று கேளுங்கள். கமக்காரரே நின்று விற்கிற மேசையில் நேரான பதில் கிடைக்கும். மடல் பச்சையாக, ஈரமாக இருக்கவேண்டும், தும்பு நுனியில் மட்டும் காய்ந்து கபில நிறமாக இருக்கவேண்டும், ஒரு மணியை நகத்தால் குத்தினால் பால் தெறிக்கவேண்டும். தண்ணீராக வந்தால் பிஞ்சு, ஒன்றும் வராமல் பசைபோல் இருந்தால் முற்றல். இப்போது நான் மீன் வாங்கப் போகிற மாதிரி ஐஸ்பெட்டியோடுதான் சோளத்துக்குப் போகிறேன். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

சரி, சோளம் வீட்டுக்கு வந்துவிட்டது. பிறீசரில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பத்தில் எட்டு வீட்டுக்கு விடை அங்கேதான் இருக்கும்.

பிறீசரில் போடுகிறவர்களுக்குள் ஒரு பெரிய சண்டை உண்டு: அவிக்காமல் போடலாமா, கொதிநீரில் போட்டெடுத்துத்தான் போடவேண்டுமா. அவிக்காமல் போடுகிறவர்கள் சொல்வது, வேலை பாதியாகும், மணி மொறுமொறுப்பாக இருக்கும் என்று. உண்மைதான், ஒரு மாதம் இரண்டு மாதத்துக்கு. ஆனால் சோளத்துக்குள் இருக்கும் நொதியங்கள் மைனஸ் 18 பாகையிலும் முழுதாகத் தூங்குவதில்லை, மெதுவாக வேலை செய்துகொண்டே இருக்கும். நாங்கள் ஒரு வருடம் பாதியை அவிக்காமல், பாதியை அவித்துப் போட்டோம். நத்தாருக்கு எடுத்தபோது எது எது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பங்குனியில் எடுத்தபோது அவிக்காத பையைத் திறந்ததுமே ஒரு பழைய வைக்கோல் வாடை. ஆகவே தை பிறக்குமுன் முடித்துவிடுவீர்கள் என்றால் அவிக்காமல் போடுங்கள், நான் தடுக்கவில்லை. அடுத்த கோடை வரைக்கும் வேண்டுமென்றால் கொதிநீர் கட்டாயம்.

கொதிநீர் என்றால் எவ்வளவு நேரம்? மணியாக உதிர்க்கப்போகிற பொத்திக்கு 4 நிமிடம். மடலும் தும்பும் நீக்கி, முழுப் பொத்தியாகவே பெரிய பானையில், தண்ணீர் தாராளமாக, ஒரு இறாத்தல் சோளத்துக்கு ஏறக்குறைய 4 லீற்றர் என்ற கணக்கில். போட்டதும் கொதி அடங்கும், அது ஒரு நிமிடத்துக்குள் திரும்பக் கொதிக்கவேண்டும், கொதிக்காவிட்டால் ஒரேயடியாகக் கூடப் போட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். எங்கள் பெரிய பானையில் நாலைந்து பொத்திக்கு மேல் போடுவதில்லை. இதனால்தான் இந்த வேலை நாள் முழுக்க இழுக்கிறது, வேறு காரணம் இல்லை. எடுத்ததும் ஐஸ்தண்ணீரில் போட்டு நன்றாக ஆறவிடவேண்டும். இந்த ஆறவிடுகிற விஷயத்தில்தான் எல்லாரும் அவசரப்படுகிறோம். பொத்தியின் நடுக்கட்டை சூட்டைப் பிடித்து வைத்திருக்கும், வெளியே குளிர்ந்து உள்ளே சுடும். அப்படியே விட்டால் மணி வெந்துகொண்டே போகும், கட்டையின் வாடையும் மணிக்குள் இறங்கும். நாலு நிமிடம் அவித்தால் குறைந்தது அதே நாலு நிமிடமாவது ஐஸில் கிடக்கட்டும். எனக்கு ஐந்து டசனுக்கு நாலு பை ஐஸ் முடிகிறது, வாங்கும்போதே வாங்கிவிடுங்கள்.

பிறகு உதிர்ப்பது. கத்தியை அடிவரைக்கும் விடக்கூடாது, மணியின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கில் வெட்டினால் போதும், அதற்குக் கீழே போனால் கட்டையின் சொரசொரப்பும் சேர்ந்து வரும். ஒரு வருடம் மாமி கத்தி சரிவராது என்று திருவலையை எடுத்துவந்து தேங்காய் திருவுகிற மாதிரித் திருவிப் பார்த்தார். பால் பாலாக அருமையாக வந்தது, ஆனால் பாதி கட்டைத் தும்பு. அந்தப் பாலுக்காகவே செய்கிற முறை ஒன்று உண்டு: மணியைப் பாதி உயரத்தில் வெட்டிவிட்டு, மிச்சத்தைக் கத்தியின் முதுகால் வழித்தெடுப்பது. சூப்புக்கும் பால்கறிக்கும் அதுபோல் ஒன்றில்லை, நாலைந்து பை அப்படியும் போட்டு வையுங்கள்.

உதிர்த்த மணியைத் தட்டில் பரப்பி ஒரு மணித்தியாலம் இரண்டு மணித்தியாலம் உறையவிட்டுப் பைக்கு மாற்றினால் கட்டியாகாது, வேண்டியமட்டும் ஒரு பிடி எடுத்துக்கொள்ளலாம். பையில் காற்றை முடிந்தளவு வெளியேற்றித் தட்டையாக அடுக்கவேண்டும். இந்தக் கட்டத்தில் எல்லாரும் மறக்கிற ஒன்று, பிறீசருக்கும் ஒரு வல்லமைதான் உண்டு. ஒரு கன அடி இடத்துக்கு ஒரு நாளில் 2, 3 இறாத்தல் புதுப்பொருளைத்தான் அது ஒழுங்காக உறையவைக்கும். அதற்கு மேல் திணித்தால் மெதுவாக உறையும், மெதுவாக உறைந்தால் பனிக்கட்டி பெரிதாக வளர்ந்து மணியைக் கிழிக்கும், பிறகு உருக்கும்போது சளசளவென்று தண்ணீர் விடும். ஐந்து டசன் பொத்தி எனக்கு நாற்பது கப்பளவு மணி தருகிறது, நிறையில் பதினாலு பதினைந்து இறாத்தல். பேஸ்மென்டில் இருக்கும் 7 கன அடிப் பெட்டிப் பிறீசருக்கு அது சரி. குளிர்சாதனப்பெட்டியின் மேல்தட்டுப் பிறீசர் மட்டும் உள்ளவர்கள் ஒரேநாளில் இரண்டு, மூன்று டசனோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

முழுப் பொத்தியாகவே பிறீசரில் போடலாமே என்று பிள்ளைகள் கேட்பார்கள். போடலாம், ஆனால் எனக்கு அது பிடித்தமில்லை. கட்டையும் சேர்ந்து உறைவதால் இடம் மூன்று மடங்கு பிடிக்கும். அவிக்கிற நேரமும் கூடும்: சின்னப் பொத்திக்கு 7 நிமிடம், நடுத்தரத்துக்கு 9, ஒன்றரை அங்குலத்துக்கு மேல் குறுக்களவுள்ள பெரிதுக்கு 11. அவ்வளவும் செய்து தைப்பொங்கலுக்கு எடுத்து, வெளியே மைனஸ் 15 பாகையில், உள்ளே இருந்து பொத்தி கடிக்கிற சந்தோசம் இருக்கிறதே, அது பெரிதுதான், ஒப்புக்கொள்கிறேன். அதற்காக ஒரு டசன் போடுவோம். அதற்கு மேல் இல்லை.

இனிப் போத்தல். இதில்தான் நான் கொஞ்சம் கடுமையாகப் பேசவேண்டியிருக்கிறது.

எங்கள் பக்கத்துவீட்டு இத்தாலிய அம்மா ஒவ்வொரு செப்டெம்பரும் கராஜில் பெரிய பானை வைத்து நூறு போத்தல் தக்காளிச் சோஸ் போடுவார். போத்தலைக் கொதிநீரில் முக்கி எடுப்பார், அவ்வளவுதான். அதைப் பார்த்துச் சோளத்தையும் அப்படிப் போடலாம் என்று நினைத்தால் அது ஆபத்து. தக்காளியில் புளிப்பு இருக்கிறது, வழிகாட்டிகள் அதற்கும் மேலே எலுமிச்சைச்சாறு விடச் சொல்கின்றன. சோளத்தில் புளிப்பே இல்லை. பொட்டுலினம் என்ற பக்டீரியா மண்ணில் எங்கும் கிடப்பது, அதன் வித்து 100 பாகைக் கொதிநீரில் மணிக்கணக்காகக் கிடந்தாலும் தப்பும். பிறகு மூடின போத்தலுக்குள், காற்றில்லை, புளிப்பில்லை, அறைச்சூடு, அதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? முளைத்து நஞ்சைச் சுரக்கும். பல நேரம் வாசனை மாறாது, நிறம் மாறாது, மூடி வீங்காமலும் இருக்கலாம். 2015 ஏப்ரலில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் லங்காஸ்டர் என்ற ஊரில் ஒரு தேவாலய விருந்தில் உருளைக்கிழங்கு சலாட் சாப்பிட்ட 29 பேர் இந்த நஞ்சால் விழுந்தார்கள், ஒருவர் இறந்தார். வீட்டில் போத்தலில் அடைத்த கிழங்கு அது, பிறஷர் இல்லாமல் வெறும் கொதிநீரில் போட்டெடுத்தது. கிழங்குக்கு நடந்தது சோளத்துக்கும் நடக்கும்.

அந்த வித்தைக் கொல்ல 116 பாகையாவது வேண்டும், அதற்குப் பிறஷர் கனர் என்ற பாத்திரம். நாங்கள் பருப்பு அவிக்கிற பிறஷர் குக்கர் அதற்கு ஆகாது, மின்சாரத்தில் வேலைசெய்யும் பல்வேலைக் குக்கரும் ஆகாது. அவை சின்னன், சூடு ஏறுவதும் இறங்குவதும் வேகம், வழிகாட்டியில் உள்ள நிமிடக்கணக்கு அவற்றுக்குப் பொருந்தாது. கனர் என்றால் குறைந்தது நாலு ஒரு லீற்றர்ப் போத்தலாவது நிற்கவேண்டும். மணியை உதிர்த்துப் போத்தலில் போட்டு, கொதிநீர் விட்டு, வாயிலிருந்து ஒரு அங்குலம் இடம் விட்டு மூடி, பத்து நிமிடம் ஆவியை வெளியே விட்டபிறகு நிறைக்குண்டை வைத்து, 10 இறாத்தல் அழுத்தத்தில் அரை லீற்றர்ப் போத்தலுக்கு 55 நிமிடம், ஒரு லீற்றர்ப் போத்தலுக்கு 85 நிமிடம். இது கடல்மட்டத்திலிருந்து 1000 அடிவரை உள்ள ஊர்களுக்கு. ரொறொன்ரோவில் இருக்கிறவர்களுக்குச் சரி. கல்கரி மாதிரி மூவாயிரம் அடிக்கு மேலே உள்ள ஊரில் இருக்கிறவர்கள் 15 இறாத்தல் வைக்கவேண்டும். பாலாக வழித்தெடுத்த சோளம் என்றால் அரை லீற்றருக்கு மேல் பெரிய போத்தலில் அடைக்கவே கூடாது, தடிப்பாக இருப்பதால் சூடு நடுவுக்குப் போகாது, அந்தச் சின்னப் போத்தலுக்கே 85 நிமிடம்.

இவ்வளவும் ஒழுங்காகச் செய்தால் என்ன கிடைக்கும்? தகரத்தில் வருகிற சோளம் கிடைக்கும். அந்தச் சுவைதான், அதைவிடக் கொஞ்சம் நல்லது. 85 நிமிடம் அழுத்தத்தில் வெந்த மணி புதுச்சோளம் மாதிரி இருக்கப்போவதில்லை. இன்னொரு ஏமாற்றமும் உண்டு, மிக இனிப்பான வகையைப் போட்டால் அந்தச் சீனியே சூட்டில் கருகிக் கபில நிறமாகிவிடும். பழுதில்லை, சாப்பிடலாம், ஆனால் பார்த்தால் பழசு மாதிரி இருக்கும். நான் கனரை ஒரு நண்பியிடம் இரவல் வாங்கி இரண்டு வருடம் செய்தேன். ஏழு ஒரு லீற்றர்ப் போத்தலுக்கு மடலோடு 31, 32 இறாத்தல் சோளம் வேண்டும், அது போக அடுப்பின் முன் நின்று அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் வேறு. மூன்றாம் வருடம் கனரை இரவல் கேட்கவில்லை.

ஆனாலும் போத்தல்தான் சரி என்று சொல்லக்கூடிய வீடுகள் உண்டு. பிறீசருக்கு இடமில்லாத அடுக்குமாடி வீடு, அடிக்கடி கரண்ட் போகிற கிராமப்பக்கம், தோட்டத்தில் தாங்களே விளைவித்து ஒரேயடியாக நூறு, இருநூறு பொத்தி கையில் வந்து விழுகிறவர்கள். போத்தல் தட்டில் சும்மா நிற்கும், கரண்ட் வேண்டாம், ஒரு வருடம் நிம்மதி. 2013 டிசெம்பரில், நத்தாருக்குச் சில நாள் முன், ஐஸ்மழை பெய்து ரொறொன்ரோவில் இலட்சக்கணக்கான வீடுகள் நாள்கணக்காக இருட்டில் கிடந்ததே, அப்போது எங்கள் பிறீசரில் சோளம் இல்லை, மீனும் ஆட்டிறைச்சியும் இருந்தன. திறக்காமல் வைத்தால் நிரம்பின பிறீசர் 48 மணித்தியாலம் தாங்கும், பாதி நிரம்பினது 24தான். நாங்கள் எல்லாவற்றையும் ஐஸ்பெட்டிகளில் அடைத்துக் கராஜில் வைத்துத் தப்பினோம், வீட்டுக்குள்தான் எங்களுக்குக் குளிர். ஓகஸ்டில் கரண்ட் போயிருந்தால் அந்த வழியும் இல்லை.

காயவைப்பதைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை, எனக்கு இதுதான் இப்போது மிகப் பிடித்தது. பனங்கிழங்கைப் பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். இனிப்புச் சோளத்துக்குப் புழுக்கொடியல் வழிதான் சரி. அவித்து, ஆறவிட்டு, உதிர்த்து, பிறகு காயவைப்பது. அவிக்காமல் காயவைத்தால் காய்ந்து முடியும்வரை சீனி மாவாகிக்கொண்டே இருக்கும். மாமிக்கு நான் பிளாஞ்சிங், நொதியம் என்றெல்லாம் சொல்லி விளங்கப்படுத்தியதைவிட "புழுக்கொடியல் மாதிரி மாமி" என்று சொன்ன ஒரு சொல் போதுமாக இருந்தது. அதற்குப் பிறகு அந்த வேலை முழுக்க அவர் கைக்குப் போய்விட்டது.

ஒன்ராறியோ வெயிலை நம்பிப் பாயில் பரப்பவேண்டாம். ஓகஸ்ட் கடைசியில் காற்றில் ஈரம், பின்னேரம் பனி, நடுவில் அணில். ஒருமுறை முயன்றோம், மூன்றாம் நாள் பூஞ்சணம். உலர்த்தி வாங்கினால் 60 பாகையில் 6 முதல் 10 மணித்தியாலம், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை கிளறிவிடவேண்டும். மணி சுருங்கிக் கண்ணாடித்துண்டு மாதிரி உடையவேண்டும், தோல்போல் வளைந்தால் இன்னும் காயவில்லை. பிறகு போத்தலில் போட்டு ஒரு கிழமை தினமும் குலுக்கிப் பாருங்கள். கண்ணாடியில் நீர்த்துளி படிந்தால் திரும்ப உலர்த்திக்குள்.

ஒரு டசன் பொத்தி காய்ந்து முடிந்தால் ஒரு லீற்றர்ப் போத்தல் நிரம்பாது. கரண்ட் தேவையில்லை, நஞ்சுப்பயம் இல்லை, இடமும் இல்லை என்று சொல்லுமளவுக்குக் கொஞ்சம்தான். ஆனால் இது புதுச்சோளத்துக்கு மாற்று என்று நினைத்தால் ஏமாறுவீர்கள். ஊறவைத்து வேகவைத்தாலும் பச்சைமணி திரும்பி வராது. வருவது வேறொரு பொருள், கடித்தால் சவ்வும் உறுதியுமாக, கொஞ்சம் கருகின வெல்லத்தின் மணத்தோடு. பென்சில்வேனியாவில் ஜேர்மன் வழிவந்த டச்சு மக்கள் என்று சொல்லப்படுகிறவர்கள் இப்படிக் காய்ந்த சோளத்தைப் பாலில் ஊறவைத்து, சீனியும் முட்டையும் சேர்த்து அவனில் வைத்து நன்றிநவிலல் விருந்துக்குப் பரிமாறுவார்கள். நியூ மெக்சிக்கோவில் மண் அடுப்பில் பொத்தியை இரவு முழுக்கச் சுட்டுக் காயவைத்து அதற்குச் சிக்கோஸ் என்று பேர், அவரையோடு சேர்த்துக் காய்ச்சுவார்கள். இந்தக் கண்டத்துப் பூர்வகுடிகளுக்குச் சோளம் காயவைப்பது நாங்கள் எல்லாரும் வந்து இறங்குவதற்கு எவ்வளவோ முந்தின பழக்கம். எங்கள் வீட்டில் அது ஒடியல் கூழுக்குள் போகிறது. நண்டு, பயத்தங்காய், பலாக்கொட்டை போடுகிற இடத்தில் ஒரு பிடி காய்ந்த சோளம், இரண்டு மணித்தியாலம் ஊறவைத்து. ஊரில் இப்படிச் செய்வார்களா என்று கேட்காதீர்கள், செய்யமாட்டார்கள், ஆனால் கூழ் குடித்த ஒருவரும் இதுவரை குறை சொன்னதில்லை.

ஊறுகாய் விஷயத்தைச் சுருக்கமாக முடிக்கிறேன். வினாகிரி, சீனி, கடுகு, மிளகாய், வெங்காயம் சேர்த்துச் செய்கிற சோள றெலிஷ் என்று இங்கே ஒன்று உண்டு. புளிப்பு இருப்பதால் அதற்குக் கனர் வேண்டாம், கொதிநீரில் 15 நிமிடம் போத்தலை வைத்தால் போதும். ஆனால் சோதித்து எழுதின செய்முறையை அப்படியே செய்யவேண்டும், வினாகிரி 5 வீத அமிலமுள்ளதாக இருக்கவேண்டும், புளிப்புக் கூடிப்போச்சு என்று கைக்கணக்கில் குறைத்தால் பாதுகாப்பும் சேர்ந்து குறைந்துவிடும். நான் எங்கள் முறையில் நல்லெண்ணெயும் உள்ளியும் விட்டுச் செய்ததை அலுமாரியில் வைக்கத் துணியவில்லை, குளிர்சாதனப்பெட்டியில் வைத்து நாலே நாளில் முடித்தோம். எண்ணெய்க்குள் மூழ்கின உள்ளியும் சோளமும் காற்றில்லாத, புளிப்பில்லாத அதே கதைதான். எப்படியும் வருடத்துக்கு இரண்டு போத்தலுக்கு மேல் எந்தத் தமிழ்வீட்டில் சோள றெலிஷ் செலவாகும்?

இன்னொரு வழியும் இருக்கிறது, சொல்லாவிட்டால் நேர்மையில்லை: ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு மார்கழியில் கடையில் உறைந்த சோளப்பை வாங்குவது. இதை இளக்காரமாகப் பார்க்கிறவர்கள் பலர், நானும் பார்த்தேன். தொழிற்சாலைகள் பெரும்பாலும் தோட்டங்களுக்குக் கிட்டத்தான் இருக்கும், முறித்த சில மணித்தியாலத்துக்குள் அவித்து, எங்கள் வீட்டுப் பிறீசரால் நினைத்தும் பார்க்கமுடியாத வேகத்தில் உறையவைத்துவிடுவார்கள். நான் முதல் வருடம் போட்ட சோளத்தைவிட அந்தப் பை எவ்வளவோ நல்லது. நீங்கள் சுப்பர்மார்க்கெட்டில் வாங்குகிற பொத்தி, முறித்து எத்தனை நாள் என்று தெரியாதது, அதை வாங்கிவந்து நாள் முழுக்க மினக்கெடுவதில் எனக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை. அதே நாள் முறித்த சோளம் கையில் இருந்தால் கதை வேறு. வீட்டில் போட்டது கடைப்பையை வெல்லும், அதுவும் உங்களுக்குப் பிடித்த அந்த ஒரு வகையை, அந்த ஒரு தோட்டத்தின் இனிப்பை எந்தப் பையிலும் வாங்கமுடியாது.

காசுக்கணக்கும் கேட்பார்கள். பிறீசர் ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தால் செலவு சோளமும் ஐஸும் பைகளும்தான். சோளத்துக்காகவே பிறீசர் வாங்கினால் கணக்குச் சரிவராது. கனர் விலை கூடினது, சோளத்துக்கு மட்டும் என்று வாங்கவேண்டாம், அவரை, இறைச்சி, ரசம் எல்லாம் அடைக்கப்போகிறீர்கள் என்றால் யோசியுங்கள். உலர்த்தி மலிவு, வருடம் முழுக்க வேறு வேலைக்கும் ஆகும், மோர்மிளகாய் வத்தல் அதில் என்ன அழகாக வருகிறது தெரியுமா.

இந்த வருடம் எங்கள் வீட்டுக் கணக்கு இப்படி: ஐந்து டசன். மூன்று டசன் மணியாகப் பிறீசருக்கு, அதில் நாலு பை வழித்தெடுத்த பால்சோளம். ஒரு டசன் முழுப் பொத்தியாகத் தைப்பொங்கலுக்கு. ஒரு டசன் மாமியின் உலர்த்திக்கு. உதிர்த்து மிஞ்சின கட்டைகளை எறிவதில்லை, இஞ்சியும் மிளகும் போட்டுப் பெரிய பானையில் ஒரு மணித்தியாலம் கொதிக்கவைத்து வடித்தால் மஞ்சளாக ஒரு இனிப்புத் தண்ணீர் வரும், அன்றிரவுச் சூப் அதுதான், ஏனென்றால் அந்த நாளில் வேறு சமைக்க ஒருவருக்கும் கை வராது. கமக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வந்தால் பனியீரம் காயுமுன் முறித்து வைப்பதாகச் சொன்னார். எட்டு மணிக்கு அங்கே நிற்கவேண்டுமென்றால் வீட்டிலிருந்து ஏழுக்கு வெளிக்கிடவேண்டும். பிறந்தநாள் விழா என்று யாரும் கூப்பிட்டால் வரமாட்டோம்.